ஆடி வெள்ளத்துக்கு முன் இளைஞர் மன்றங்கள் செய்ய வேண்டியது என்ன?

கூடுதுறைக்காரன் (பவானி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2018 ஆகஸ்டில் எங்கள் தெருவுக்குள் ஆறு வந்த நாள் முதல் மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். மன்றங்களிலும் கல்லூரி அமைப்புகளிலும் பணியாற்றியவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்த ஆண்டு மேட்டூர் அணை 120 அடியை எட்டியபின், வந்த நீரெல்லாம் அப்படியே காவிரியில் திறந்துவிடப்பட்டது. ஒரு கட்டத்தில் அது நொடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டி இருந்தது. காவிரி அவ்வளவு உயரத்தில் ஓடும்போது பவானி ஆற்று நீருக்கு அதற்குள் இறங்க இடம் இருப்பதில்லை. அது பின்வாங்கித் தாழ்வான தெருக்களில் ஏறுகிறது. எங்கள் வீட்டில் ஜமுக்காளம் நெய்யும் குழித்தறி இருந்தது. தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நாங்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். அதுவோ தறிக்குழியின் அடியிலிருந்து ஊறி வந்தது. காலை ஆறு மணிக்குக் கணுக்கால் அளவு நின்றது, ஒன்பது மணிக்கெல்லாம் மிதிகட்டையை மூடிவிட்டது. பாவு நனையாமல் அறுத்தெடுப்பதா, அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவதா என்று அப்பா நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

எங்கள் தெரு மன்றத்தில் அப்போது எட்டுப் பேர் இருந்தோம். யாரும் சும்மா இருக்கவில்லை. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடினோம், பீரோ தூக்கினோம், ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டினோம். ஆனால் தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்த பாட்டியின் நினைவு மாலை நான்கு மணிக்குத்தான் வந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் போனபோது கயிற்றுக் கட்டிலின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கடியில் சொம்பு மிதந்துகொண்டிருந்தது. ரேஷன் அட்டையும் முதியோர் உதவித்தொகைப் புத்தகமும் அரிசிப் பானைக்குள் இருக்கின்றன, அவற்றை எடுக்காமல் வரமாட்டேன் என்றார். எடுத்துக் கொடுத்த பிறகுதான் தோளில் கை வைத்தார்.

அதே வாரம் நாங்களே கேரள வெள்ளத்துக்குப் பொருள் திரட்டி, வாளையார் வழியாக லாரி அனுப்பினோம். அதில் எனக்குப் பெருமையே தவிர வேறொன்றும் இல்லை. 2015 சென்னை வெள்ளத்துக்கும், 2018 நவம்பரில் கஜா புயலுக்கும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்துக்கும் கொங்கு நாட்டிலிருந்து போன வண்டிகளை நாம் எல்லோரும் அறிவோம். லாரி ஏற்றுவதில் நம் இளைஞர்களுக்குக் கை பழகிவிட்டது. ஆனால் தன் தெருவில் யார் தனியாக இருக்கிறார், யாரால் நடக்க முடியாது, யார் வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்பதை எழுதி வைத்த மன்றம் எங்கள் பக்கத்தில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பேரிடர் வருமுன் செய்யும் வேலையை இளைஞர் அமைப்புகளின் முதல் வேலையாக ஆக்க முடியாதா?

ஊஞ்சலூர் ஆசிரியை எழுதியது:

தம்பி, நான் ஒரு கலைக்கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக ஒன்பது ஆண்டுகள் இருந்தவள். நீங்கள் சொல்வது என்னையும் குத்துகிறது; அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட திட்டம் இது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. யோசித்துப் பாருங்கள், 50 மாணவர்கள் ஏழு நாள் ஒரே ஊரில் தங்குகிறார்கள். அந்த ஊரின் ஒவ்வொரு வீட்டையும் அறிந்துகொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு வேறு எந்த அமைப்புக்குக் கிடைக்கும்? நாங்கள் கோயில் வளாகம் துப்புரவு செய்தோம், மரக்கன்று நட்டோம், சாலைப் பாதுகாப்புப் பேரணி நடத்தினோம். அவை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் காவிரிக் கரையில் உள்ள ஊரில் முகாம் நடத்திவிட்டு, வெள்ளம் வந்தால் எந்தத் தெருவில் முதலில் ஏறும் என்று ஒரு பெரியவரிடமும் கேட்காமல் திரும்பி வந்திருக்கிறேன். அது என் தவறு.

கடைசி இரண்டு ஆண்டுகளில் முறையை மாற்றினேன். முகாமின் முதல் நாளே மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஊர் வரைபடம் ஒன்றைத் தரையில் கோலப்பொடியால் போடச் சொன்னேன். கிணறு, மின்மாற்றி, பள்ளிக்கூடம், திருமண மண்டபம், மேடான களம், தாழ்வான பள்ளம் எல்லாவற்றையும் ஊர்ப் பெண்களே வந்து திருத்தினார்கள். “இது தப்புங்க, தண்ணி இந்தப் பக்கமிருந்துதான் ஏறும்” என்று ஓர் அம்மா கோலத்தைக் காலால் அழித்துவிட்டு வேறு கோடு போட்டார். அந்தக் கோடு எந்த அலுவலகத்துக் காகிதத்திலும் இல்லை.

ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது. மாணவர் இரண்டு ஆண்டில் போய்விடுகிறார், அலுவலரும் மாறிவிடுகிறார், தயாரித்த பட்டியல் துறை அலமாரியில் தூசு படிகிறது. ஓராண்டு பழைய பட்டியலில் இறந்தவர் பெயர் இருக்கும், புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயர் இருக்காது. ஆகவே பட்டியலைத் தயாரிப்பவர்கள் கல்லூரி மாணவர்களாக இருந்தாலும், அதைக் கையில் வைத்திருப்பவர்கள் அந்த ஊரிலேயே இருக்கும் மன்றத்தினரோ மகளிர் குழுவினரோ ஆக இருக்க வேண்டும். ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலரிடமும் இருக்கட்டும்.

வங்கதேசத்தின் எடுத்துக்காட்டை என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். 1970 போலா புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டனர். அதன்பின் செஞ்சிலுவை அமைப்பும் அரசும் சேர்ந்து 1972இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கின. இன்று அதில் 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். எச்சரிக்கைக் கொடி ஏற்றுவதும், கைச்சங்கு ஊதுவதும், வீடு வீடாகப் போய் முதியவர்களை முகாமுக்கு அழைத்து வருவதும்தான் அவர்கள் வேலை. 2007 சிடர் புயலும் மிகக் கடுமையானதே. ஆயினும் இறந்தவர்கள் சில ஆயிரம் பேர்தாம். வானிலை அறிவியலும் புயல் காப்பகங்களும் இதில் பெரும்பங்கு வகித்தன. என்றாலும் எச்சரிக்கையைக் கடைசி வீட்டு வாசல் வரை கொண்டுபோனவர்கள் அந்தத் தொண்டர்களே.

கோபி தீயணைப்பாளர் (ஓய்வு) எழுதியது:

பேசுவது நல்ல பொருள். ஆனால் ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மீட்புப் பணி என்ற சொல்லைக் கேட்டதும் இளைஞர்கள் தண்ணீரில் குதிக்கத் தயாராகிவிடுகிறார்கள். என் பணிக்காலத்தில் நான் தூக்கிய உடல்களில், காப்பாற்றப் போனவர்களின் உடல்களை என்னால் மறக்க முடியவில்லை.

நம் பகுதியின் அன்றாடப் பேரிடர் பெருவெள்ளம் அன்று. கிணறும் வாய்க்காலுமே. எண்பது, நூறு அடிக் கிணறுகள் கைப்பிடிச் சுவர் இல்லாமல் சாலையோரத்தில் கிடக்கின்றன. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் குளிக்கப் போகும் பிள்ளைகள், சரிவான கரையில் பாசி வழுக்கி உள்ளே போகிறார்கள். ஒருமுறை, பழைய கிணற்றில் மோட்டார் பழுதுபார்க்க இறங்கியவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க அண்ணன் இறங்கினார். இருவரையும் தூக்கப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் இறங்கினான். உள்ளே விஷவாயு தேங்கியிருந்தது. நாங்கள் மூச்சுக்கருவியோடு போய்ச் சேர்வதற்குள் மூன்றும் முடிந்துவிட்டது. அந்தப் பையனுக்கு வயது பத்தொன்பது.

ஆகையால் மன்றங்களுக்கு நான் சொல்வது இதுதான். 18 வயது நிரம்பாதவர்களை எந்த மீட்புப் பணியிலும் இறக்காதீர்கள். நிரம்பியவர்களும் பயிற்சி இல்லாமல் ஓடும் நீரிலோ கிணற்றிலோ இறங்கக் கூடாது. கரையில் நின்றபடி மூங்கிலை நீட்டலாம், கயிறு கட்டிய லாரி ட்யூபை எறியலாம், பரிசல்காரரை அழைத்து வரலாம், 112க்கோ 108க்கோ பேசி இடத்தைச் சரியாகச் சொல்லலாம். இடத்தைச் சரியாகச் சொல்வது சிறு வேலை அன்று. “வாய்க்கால் மேட்டுல, புளியமரத்துக்கிட்ட” என்று அழைப்பு வந்தால் நாங்கள் எந்த மேட்டுக்குப் போவோம்? மைல்கல் எண், மதகு எண், பக்கத்துக் கோயில் பெயர் ஆகியவற்றைச் சொல்லப் பழகிய ஓர் இளைஞர் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துகிறார். நீரில் மூழ்கியவருக்குப் பத்து நிமிடம் என்பது உயிர்.

உண்மையான ஆர்வம் உள்ளவர்கள் பயிற்சிக்குப் போங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் 12 நாள் பயிற்சி தருகிறார்கள். முதலுதவி, கயிறு முடிச்சு, தேடல், மீட்பு எல்லாம் அதில் உண்டு. தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் இயக்கம் ஆகியவற்றிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பயிற்றுவிப்பதற்காக யுவ ஆப்த மித்ரா என்ற திட்டமும் வகுக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் விசாரியுங்கள்.

நாமக்கல் மாணவன் எழுதியது:

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். நான் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். பணிவோடு ஒரு கேள்வி. பட்டியல் எடுப்பதும் எச்சரிக்கை சொல்வதும் வருவாய்த் துறையின் கடமை அல்லவா? 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட அளவில் ஆணையம் அமைத்து அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. நாமே எல்லாவற்றையும் செய்துவிட்டால், செய்ய வேண்டியவர்கள் கை கழுவிவிட மாட்டார்களா?

மேட்டுப்பாளையம் மகள் எழுதியது:

தம்பியின் கேள்வி நியாயமானது. என்னிடம் முழுப்பதில் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2019 டிசம்பர் 2 அன்று, விடிவதற்கு முன், எங்கள் ஊர் நடூரில் பெருமழையில் ஊறிய உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஆதி திராவிடர் குடியிருப்பின் ஓட்டு வீடுகள்மேல் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. அன்று மழை எங்கும்தான் பெய்தது. ஆனால் அந்த வரிசையில் குடியிருந்தவர்கள்தாம் மடிந்தார்கள். அந்தச் சுவரைப் பார்த்துப் பயந்துகொண்டேதான் அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதைப் பின்னர் எல்லோரும் பேசினோம். முன்னால் பேசியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. நான் நான்கு தெரு தள்ளித்தான் இருந்தேன்.

சுவரைச் சோதிப்பது நகராட்சியின் கடமை. அதில் ஐயமே இல்லை. ஆனால் கடமையைச் செய்யச் சொல்லிக் கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் குழு தெருத் தெருவாகப் போய், சாய்ந்திருக்கும் சுவர், வெடிப்பு விட்ட சுவர், நீர் வெளியேற ஓட்டை இல்லாத சுவர், அதன் அடியில் எத்தனை வீடுகள் என்று படம் எடுத்து, தேதி போட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்தால், “எங்களுக்குத் தெரியாது” என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டுமானப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதைப் பாடமாகவே செய்யலாம். தம்பி, நீங்கள் பொறியியல் என்கிறீர்கள். உங்கள் துறை எதுவாக இருந்தாலும், சுவரின் சாய்வை அளக்க ஒரு தூக்குக்குண்டு போதும். அரசின் வேலையை நாம் செய்ய வேண்டாம். அரசு அதைத் தட்டிக்கழிக்க முடியாதபடி செய்வோம்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். நம் ஊர்களில் மன்றம் என்பது பெரும்பாலும் ஒரு தெருவின் மன்றம், ஒரே சாதிப் பையன்களின் மன்றம். பட்டியல் எடுக்கப் போகிறவர்கள் காலனிக்குள் போவார்களா, அங்குள்ள இளைஞர்களைத் தங்களோடு சேர்த்துக்கொள்வார்களா, முகாம் என்று ஒரு மண்டபத்தைத் திறந்தால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவார்களா என்பதை வெள்ளம் வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சுனாமியின்போது கடலோர முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. அந்தப் பழி நம் ஊருக்கும் வரக் கூடாது.

திருப்பூர்ப் பின்னலாடையான் எழுதியது:

நிவாரணப் பொருள் சேகரிப்பைப் பற்றி நான் எழுத வேண்டும், ஏனென்றால் அதில் என் கைகள் நிறையத் தவறு செய்திருக்கின்றன.

கஜா புயலுக்குப் பின் எங்கள் பகுதி இளைஞர்கள் ஒரு மண்டபத்தில் துணி சேகரித்தோம். திருப்பூரில் துணிக்குக் கேட்க வேண்டுமா? இரண்டு நாளில் மேடை உயரத்துக்குக் குவிந்துவிட்டது. ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட புதிய பனியன்கள் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் கிழிந்த புடவை, ஒற்றைச் செருப்பு, ஈரத்தோடு மடித்ததால் பூஞ்சை நாறிய போர்வை, ஜரிகை வேலை செய்த கல்யாணச் சட்டை எல்லாம் கலந்து கிடந்தன. பிரிக்க ஆள் இல்லாமல் அப்படியே மூட்டை கட்டி வேதாரண்யம் பக்கம் அனுப்பினோம். நானும் வண்டியோடு போனேன். ஓலையும் ஓடும் பறந்த ஒரு வீட்டின் முன் எங்கள் மூட்டையை அவிழ்த்த பெண் ஒருவர், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் திரும்ப மடித்து வைத்தார். அவருக்கு அன்று வேண்டியிருந்தது தார்ப்பாய், கொசுவலை, விளக்கு, உள்ளாடை. உள்ளாடை தைக்கும் ஊரிலிருந்து போன வண்டியில் பெண்களுக்கான உள்ளாடை ஒன்றுகூட இல்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் எங்கள் குழு சில விதிகளை வைத்துக்கொண்டது. போகும் ஊரில் உள்ள ஒருவரிடம் பேசாமல் ஒரு மூட்டைகூடக் கட்டுவதில்லை. பழைய துணி வாங்குவதில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் உள்ளே என்ன, எத்தனை, எந்த அளவு என்று வெளியே எழுதி ஒட்டுகிறோம். பின்னலாடைத் தொழிலில் பெட்டி கட்டத் தெரிந்த நமக்கு இது புதிய வித்தை அன்று. பேரிடர் உதவிக்கென உலக அளவில் தொண்டு அமைப்புகள் சேர்ந்து வகுத்த ஸ்பியர் தரநிலைகளையும் படித்தோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், முகாமில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று அதில் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான், நம் வட்டாரத்தில் “ஐந்நூறு பேர் தங்கலாம்” என்று நாம் நினைத்திருக்கும் மண்டபங்களில் அதில் பாதிப் பேருக்குக்கூடக் கழிப்பறை போதாது என்பது புரிந்தது. இந்தக் கணக்கெடுப்பை மழைக்கு முன்பே எந்த இளைஞர் மன்றமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

இங்கே யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. நொய்யல் கரையிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் வரிசை வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். வெள்ள எச்சரிக்கை தமிழில் ஒலிபெருக்கியில் போகிறது. அவர்களுக்கு அது ஏதோ கட்சி வண்டி. எங்கள் குழுவில் இப்போது ஒடியா பேசும் இரண்டு இளைஞர்களும் இந்தி பேசும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். “தண்ணீர் வருகிறது, மேலே போங்கள், கரண்ட் மெயினை அணையுங்கள்” என்ற மூன்று செய்திகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறோம். ஆசிரியை அம்மா சொன்ன பட்டியலில் இவர்களுடைய அறைகளும் இடம்பெற வேண்டும். வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் கடையிலும் பெயர் இல்லாதவர்களை நாம் எழுதவில்லை என்றால் யாரும் எழுதமாட்டார்கள்.

ஈரோடு செவிலியர் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன், பணி நேரம் நெருங்குகிறது. வீட்டுப் பட்டியலில் மருந்துக்கு ஒரு பத்தி வையுங்கள்: இன்சுலின் போடுபவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், வலிப்பு மாத்திரை எடுப்பவர். முகாமில் இவர்கள்தாம் இரண்டாம் நாளே தடுமாறுகிறார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் செய்ய ஒவ்வொரு தொண்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவில். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. மாதவிடாய்த் துணிகளைப் பெண் தொண்டர்களே கொடுக்கட்டும், வரிசையில் நிற்க வைத்துக் கொடுக்காதீர்கள்.

நாமக்கல் மாணவன் எழுதியது:

அக்கா சொன்ன தூக்குக்குண்டு என் மனத்தில் நிற்கிறது. எங்கள் விடுதிக்குப் பின்னால் அப்படி ஒரு சுவர் இருக்கிறது. அடியில் நான்கு குடிசைகள். நாளை இரண்டு நண்பர்களோடு போய் அளக்கிறேன். பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆற்றோரங்களில் விசைத்தறிக் கூடங்கள் இருக்கின்றன; தண்ணீர் ஏறும்போது மோட்டார் இணைப்பைத் துண்டிப்பதற்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு எழுதுகிறேன்.

கூடுதுறைக்காரன் (பவானி) எழுதியது:

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. தீயணைப்பாளர் ஐயாவின் கருத்தில் ஒரு பகுதியை மட்டும் முழுமையாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பரிசலும் நீச்சலும் பழகிய ஆற்றோர இளைஞர்களைக் கரையிலேயே நில் என்று சொன்னால் அவர்கள் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கு முறையான பயிற்சியும் மிதவைச் சட்டையும் கொடுத்து, தீயணைப்பு நிலையத்தோடு இணைப்பதே நடக்கக்கூடியது. ஐயா இதைப் பற்றி மேலும் எழுத வேண்டும்.

நேற்று மாலை எங்கள் மன்றத்தில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். ஆற்றை ஒட்டிய மூன்று தெருக்களில் இதுவரை 62 வீடுகள் எழுதியிருக்கிறோம். மூன்றாம் தெரு காலனித் தெரு. அங்கிருந்து இரண்டு பெண்களும் ஒரு தம்பியும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள், அந்தத் தெருவை அவர்களே எழுதுகிறார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த பாட்டி இப்போது இல்லை, போன தையில் தவறிவிட்டார். அந்த வீட்டில் பீகாரைச் சேர்ந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, கைக்குழந்தையோடு. அவர்களிடம் என்ன மொழியில் கேட்பது என்று தெரியாமல் அந்த வரியைக் காலியாக விட்டு வந்திருக்கிறோம். திருப்பூர் அண்ணா, உங்கள் குழுவில் இந்தி பேசும் அந்தச் சகோதரி வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் கிடைப்பாரா? மேட்டூரில் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு முன் அந்த வரியை நிரப்ப வேண்டும்.